செக் எக்ஸும் மாமாவின் கடல் வரைபடமும்

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒன்பது பிள்ளைகள் இருந்து உயர்தர இணைந்த கணிதம் படிக்கிறார்கள். பெரியகல்லாற்றிலேயே இரண்டு பேர், களுவாஞ்சிகுடியிலிருந்து நாலு பேர், மற்ற மூவரும் கல்முனைப் பக்கம். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றரைக்கு வெயில் விறாந்தைக்குள் ஏறும்வரை நடக்கும்.

போன மாதம் தொகையிடலில், அதாவது வளைவொன்றின் கீழுள்ள பரப்பைக் காணும் கணக்கில், திரிகோணச் சார்புகளுக்கு வந்தோம். 1-இன் கீழ் 5 + 3 கொஸ் எக்ஸ், அதாவது 1-ஐ 5 + 3 கொஸ் எக்ஸால் வகுத்தது. இதைத் தொகையிட வேண்டும். வழக்கமாகச் சொல்கிற பிரதியீட்டைத்தான் சொன்னேன்: "யூ = டான் (எக்ஸ்/2) எண்டு போடுங்க." எட்டுப் பேர் எழுதினார்கள். பாண்டிருப்பிலிருந்து வரும் பிள்ளை மட்டும் பேனையை வைத்துவிட்டாள்.

"டீச்சர், இதப் போட்டாச் சரி வருது. அது விளங்குது. ஆனா இதத்தான் போடணும் எண்டு எனக்கு என்னெண்டு தெரிய வரும்? வினாத்தாள்ள சொல்லித் தராட்டி?"

நான் உயர்தரம் படித்த காலத்தில் இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குக் கிடைத்த பதில், "கேள்வி கேட்காம போடு, புள்ளி வரும்" என்பது. அந்தப் பதில் என்னை எவ்வளவு நாள் கணிதத்துக்கு வெளியே நிறுத்தி வைத்தது என்பது எனக்குத்தான் தெரியும். அதே பதிலை இந்தப் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. "அடுத்த கிழமை சொல்றன் மகள்" என்றேன். அந்த ஒரு கிழமையும் அதற்குப் பின் வந்த இரண்டு கிழமையும் நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், சுலபமானது. சைன்² எக்ஸ் கொஸ்³ எக்ஸ். இதைப் பார்த்தவுடன் பிள்ளைகள் சூத்திரம் தேடுவார்கள். நான் சொல்வது, சூத்திரத்தைத் தேடாதே, அக்கம் பக்கம் பார் என்பது. சைன் எக்ஸை வகையிட்டால் கொஸ் எக்ஸ் வரும். கொஸ் மூன்று நிற்கிறது. அதில் ஒன்றைப் பிரித்து டி எக்ஸோடு விட்டுவிடு. மிச்சம் இருக்கிற கொஸ்² எக்ஸை 1 − சைன்² எக்ஸ் என்று மாற்று. இப்போது உள்ளே முழுக்க சைன்தான், வெளியே சைனின் வகையீடு தயாராக நிற்கிறது. யூ = சைன் எக்ஸ் என்றால் யூ² (1 − யூ²) டி யூ. எல்லை 0 முதல் பை/2 வரை என்றால், யூவுக்கு 0 முதல் 1 வரை. விடை 1/3 − 1/5, அதாவது 2/15.

இங்கே பிரதியீட்டை யாரும் வானத்திலிருந்து கொண்டு வரவில்லை. அது தொகையீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒற்றை வலு உள்ள சார்பில் ஒன்று மிஞ்சும், மிஞ்சினது மற்றதன் வகையீடாக நிற்கும். சைனும் கொஸ்ஸும் இரண்டுமே இரட்டை வலுவானால் மிஞ்ச ஒன்றும் இல்லை. அப்போது இரட்டைக் கோணச் சூத்திரத்தால் வலுவைக் குறைக்க வேண்டியதுதான். இந்த அளவுக்குப் பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார்கள்.

ஆனால் அவள் விடவில்லை. "இது சரி டீச்சர். வர்க்கமூலம் வரக்குள்ள எக்ஸ் = 5 சைன் தீற்றா எண்டு போடுறமே, அதுல சைன் எங்கயும் இல்லையே?"

நியாயமான கேள்வி. வர்க்கமூலம் (25 − எக்ஸ்²) என்பதில் திரிகோணம் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் மாலை எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. கரைவலை இழுத்து முடிந்து, மணல் ஈரமாக அழுத்தமாக இருந்தது. ஒரு தடியை நட்டு, ஐந்து சாண் கயிறு கட்டி, மற்ற நுனியில் ஈர்க்கைப் பிடித்துக் கால்வட்டம் கீறினோம். தடி நிற்கிற இடம் மையம். கடலுக்குச் சமாந்தரமாக எக்ஸ் அச்சு, கடலை நோக்கி வை அச்சு.

வர்க்கமூலம் (25 − எக்ஸ்²) என்பது அந்த வில்லின் உயரம்தான். அதை 0 முதல் 3 வரை தொகையிடு என்றால், மையத்திலிருந்து மூன்று சாண் தள்ளி ஒரு நேர்கோடு கீறி, கோட்டுக்கும் வை அச்சுக்கும் இடையில் வில்லுக்குக் கீழே கிடக்கிற மணலின் பரப்பைக் கேட்கிறார்கள். மூன்று சாண் தள்ளி நின்றால் வில்லின் உயரம் நாலு சாண். அந்த இடத்திலிருந்து மையத்துக்குக் கயிற்றை இழுத்துப் பிடித்தாள் அவள். கயிறு பரப்பை இரண்டாக வெட்டியது. ஒரு பக்கம் ஆரைச்சிறை (இரண்டு ஆரைக்கும் ஒரு வில்லுக்கும் இடைப்பட்ட துண்டு), மறு பக்கம் 3, 4, 5 பக்கங்களுள்ள செங்கோண முக்கோணி.

இப்போது எக்ஸ் = 5 சைன் தீற்றா என்று போட்டுக் கணக்கைச் செய்தோம், மணலிலேயே. வர்க்கமூலம் 5 கொஸ் தீற்றா ஆகும். டி எக்ஸும் 5 கொஸ் தீற்றா டி தீற்றா. பெருக்கினால் 25 கொஸ்² தீற்றா. இரட்டைக் கோணத்தைப் பிரயோகித்துத் தொகையிட்டால் இரண்டு உறுப்பு வருகிறது. ஒன்று, 25/2 தடவை தீற்றா. மற்றது, அரைவாசி எக்ஸ் தடவை வர்க்கமூலம் (25 − எக்ஸ்²).

முதலாவது, ஆரை 5, கோணம் தீற்றா உள்ள ஆரைச்சிறையின் பரப்பு. இரண்டாவது, அடி எக்ஸ், உயரம் வர்க்கமூலம் உள்ள முக்கோணியின் பரப்பு. கணக்கு தந்த இரண்டு உறுப்பும் எங்கள் காலடியில் கயிற்றின் இரண்டு பக்கமும் கிடந்தன. தீற்றா எங்கிருந்தோ வந்த எழுத்தில்லை; வை அச்சுக்கும் கயிற்றுக்கும் இடையில் இருக்கிற கோணம். எண்ணாகச் சொன்னால் ஆரைச்சிறை 8.04, முக்கோணி 6, மொத்தம் 14.04 சதுர சாண். மூன்றுக்கு ஐந்து செவ்வகத்தின் 15-ஐ விடக் கொஞ்சம் குறைவு. பார்த்தாலே பொருத்தம் தெரிகிறது.

பதினைந்து வருடத்துக்கும் மேலாக இந்தச் சூத்திரத்தை எழுதி வந்திருக்கிறேன். அந்த இரண்டு உறுப்பையும் இரண்டு நிலத்துண்டுகளாக அன்றைக்குத்தான் பார்த்தேன். அலை வந்து முக்கோணியின் ஒரு மூலையை அழித்தது. பிள்ளைகள் அதைத் திரும்பக் கீறினார்கள்.

சரி, டான் (எக்ஸ்/2)-க்கு வருகிறேன். இதைப் புத்தகங்களில் ஜேர்மன் கணிதவியலாளர் வயஸ்ட்ராஸின் பெயரோடு சேர்த்துச் சொல்வதுண்டு. ஆனால் அவர் பிறப்பதற்கு முன்பே, 1768-இல் ஆய்லர் தன் தொகை நுண்கணித நூலில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். ஏன் அரைக் கோணம் என்பதற்கு விடை, எங்கள் பிள்ளைகள் சாதாரண தரத்தில் படித்த வட்டத் தேற்றத்தில் இருக்கிறது. வில்லொன்று மையத்தில் எதிரமைக்கும் கோணம், பரிதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு. அலகு ஆரையுள்ள வட்டத்தின் இடது ஓரப் புள்ளியிலிருந்து வட்டத்தின் இன்னொரு புள்ளிக்கு ஒரு கோடு கீறினால், மையத்தில் எக்ஸ் இருக்கிறபோது அந்த ஓரத்தில் எக்ஸ்/2 இருக்கும். அந்தக் கோட்டின் படித்திறன், அதாவது சாய்வுதான் யூ. வட்டம் முழுவதையும் ஒரு நேர்கோட்டின் படித்திறனால் பிடித்துவிடுகிறோம். அதனால்தான் சைனும் கொஸ்ஸும் வர்க்கமூலம் இல்லாத வெறும் பின்னங்களாக மாறுகின்றன. கொஸ் எக்ஸ் என்பது 1 − யூ² இன் கீழ் 1 + யூ². சைன் எக்ஸ் 2 யூ இன் கீழ் 1 + யூ².

யூவுக்கு 1/2 போட்டுப் பாருங்கள் என்றேன். கொஸ் 3/5, சைன் 4/5. கடற்கரை முக்கோணி திரும்பி வந்தது. வீடு கட்ட வருகிற மேசன் மூலை பார்க்க நூலில் அளக்கிற மூன்று, நாலு, ஐந்தும் இதுதான். யூவுக்கு எந்தப் பின்னத்தைப் போட்டாலும் இப்படி ஒரு முக்கோணி வரும். அந்த முதல் கணக்கும் இதோடு முடிந்தது: 5 + 3 கொஸ் எக்ஸ், கணக்கு சுருங்கி, 1-இன் கீழ் 4 + யூ² என்று வந்தது. விடை அரைவாசி டான்நேர்மாறு (யூ/2).

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் விழுந்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புத் தவணைப் பரீட்சை ஒன்றில், 1-இன் கீழ் 1 + கொஸ்² எக்ஸ் என்பதை 0 முதல் பை வரை தொகையிடச் சொல்லியிருந்தார்கள். நான் யூ = டான் எக்ஸ் என்று போட்டேன். அழகாகச் சுருங்கி 1-இன் கீழ் யூ² + 2 என்று வந்தது. எல்லையை மாற்ற வேண்டும் என்பதை மறக்கவில்லை. டான் 0 பூச்சியம். டான் பையும் பூச்சியம். பூச்சியத்திலிருந்து பூச்சியம் வரை. ஆகவே விடை பூச்சியம் என்று எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டேன். தாள் திரும்பி வந்தபோது சிவப்பில் ஒரு பிழை அடையாளம். ஏன் என்று ஒரு வரி இல்லை. கேட்டும் பதில் கிடைக்கவில்லை. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்துக்குப் போய் இரண்டாம் வருடத்தில்தான் எனக்கு அது விளங்கியது. அந்த ஒரு வரியை யாராவது எழுதியிருந்தால் மூன்று வருடம் அது என்னை உறுத்தியிராது.

அந்த வரி இதுதான். கொஸ்² எக்ஸ் எப்போதும் 0-க்கும் 1-க்கும் இடையில். ஆகவே நாம் தொகையிடுகிற சார்பு எப்போதும் அரைக்குக் குறையாது, ஒன்றுக்குக் கூடாது. நேர்ச் சார்பின் கீழுள்ள பரப்பு எப்படிப் பூச்சியமாகும்? பை/2-க்கும் பைக்கும் இடையில், அதாவது 1.57-க்கும் 3.14-க்கும் நடுவில்தான் விடை இருந்தாக வேண்டும். பிழை எங்கே என்றால், தொண்ணூறு பாகையில் டான் எக்ஸ் முடிவிலிக்குப் போய் உடைகிறது. அந்தப் பக்கம் எதிர் முடிவிலியிலிருந்து மறுபடி தொடங்குகிறது. உடைகிற இடத்துக்கு மேலால் ஒரே பிரதியீட்டைப் போட முடியாது. பை/2-இல் வெட்டி, இரண்டு துண்டாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு துண்டும் பை இன் கீழ் 2√2. கூட்டினால் பை இன் கீழ் √2, அண்ணளவாக 2.22. அந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

வகுப்பில் இந்தக் கணக்கை வேண்டுமென்றே பிழையாகச் செய்து காட்டினேன். பூச்சியம் வந்ததும் ஏழு பேர் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அவளும் களுவாஞ்சிகுடிப் பையன் ஒருவனும் மட்டும் எழுதவில்லை. "சார்பு நேர் டீச்சர், பரப்பு எங்க போன?" என்று அவன் கேட்டபோது எனக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. பிரதியீடு போடுகிற ஒவ்வொரு தடவையும் முதலில் விடை எந்த அளவில் இருக்கும் என்று மனதால் மட்டிட்டுக்கொள்ளுங்கள் என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறேன். ஒரு நிமிடம்கூடப் போகாது.

மறுகா வந்தது செக் எக்ஸ், அதாவது 1-இன் கீழ் கொஸ் எக்ஸ்.

செக் எக்ஸைத் தொகையிட எல்லோரும் சொல்லிக் கொடுப்பது, மேலும் கீழும் செக் எக்ஸ் + டான் எக்ஸால் பெருக்கு என்பது. பெருக்கினால் தொகுதி பகுதியின் வகையீடாக வந்து நிற்கும். விடை, செக் எக்ஸ் + டான் எக்ஸ் என்பதன் இயற்கை மடக்கை. சரிதான். ஆனால் யாருக்கு அப்படிப் பெருக்கத் தோன்றும்? அவள் கேட்பதற்கு முன்னே நானே இந்தத் தடவை தேடிப் படித்தேன். படித்தபோது எனக்குக் கிடைத்தது நான் எதிர்பார்க்காத ஒன்று. இந்த விடையை முதலில் கண்டவர்கள் தொகையிட்டுக் காணவில்லை. கடலோடிகளுக்காக அட்டவணை போட்டவர்கள் கண்டது அது.

1569-இல் மேர்கேற்றர் ஓர் உலகப் படம் வரைந்தார். திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போகிற கப்பலின் பாதை அந்தப் படத்தில் நேர்கோடாக விழும். கடலோடிக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பூமியில் அகலக்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போகச் சிறுத்துக்கொண்டு போகின்றன. 60 பாகையில் அந்த வட்டம் மத்திய கோட்டின் பாதிதான். படத்தில் எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வரைந்தால், அந்த இடத்தில் கிழக்கு மேற்கு இரண்டு மடங்கு இழுபடுகிறது. அதாவது செக் 60 மடங்கு. கோணம் பிழைக்காமல் இருக்க வேண்டுமானால் வடக்கு தெற்கையும் அதே அளவு இழுக்க வேண்டும். ஒவ்வொரு அகலக்கோட்டிலும் செக் அளவு இழுத்து, இழுத்ததையெல்லாம் கூட்டினால்தான் அந்தக் கோடு படத்தில் எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று தெரியும். அந்தக் கூட்டல்தான் செக்கின் தொகையீடு.

1599-இல் எட்வேர்ட் ரைட் என்ற ஆங்கிலேயர், சிறு சிறு இடைவெளிகளில் செக்கின் பெறுமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி அட்டவணை வெளியிட்டார். கையால் கூட்டியது. அப்போது மடக்கையே இல்லை. நேப்பியர் அதை வெளியிட்டது 1614-இல். பிறகு, 1645 அளவில், ஹென்றி பொண்ட் என்பவர் ரைட்டின் அட்டவணையை டானின் மடக்கை அட்டவணையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் எண்கள் ஒத்துப் போயின. 45 பாகையோடு அகலக்கோட்டின் பாதியைக் கூட்டி, அதன் டானின் மடக்கையை எடுத்தால் ரைட்டின் கூட்டல் வருகிறது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. எண்கள் பொருந்துகின்றன என்பது மட்டும் தெரியும். நிறுவல் வருவதற்கு இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது: 1668-இல் ஜேம்ஸ் கிரெகரி, 1670-இல் ஐசாக் பாரோ. நியூற்றனுக்கு முன் கேம்பிரிட்ஜில் லூக்காசியன் கணிதப் பேராசிரியராக இருந்தவர் இந்த பாரோ.

பாரோவின் வழியை இன்றைய எழுத்தில் போட்டுப் பிள்ளைகளோடு செய்தேன். செக் எக்ஸ் என்பது 1-இன் கீழ் கொஸ் எக்ஸ். மேலும் கீழும் கொஸ்ஸால் பெருக்கினால், கொஸ் எக்ஸ் இன் கீழ் 1 − சைன்² எக்ஸ். கொஸ் ஒன்று மிஞ்சி நிற்கிறது! முதல் நாள் பார்த்த அதே அக்கம் பக்கம். யூ = சைன் எக்ஸ். 1-இன் கீழ் 1 − யூ². பகுதிப் பின்னமாகப் பிரித்தால் இரண்டு மடக்கை. விடை, 1 + சைன் எக்ஸ் இன் கீழ் 1 − சைன் எக்ஸ் என்பதன் மடக்கையில் பாதி. அதை மேலும் கீழும் 1 + சைன் எக்ஸால் பெருக்கிச் சுருக்கினால் செக் எக்ஸ் + டான் எக்ஸ் தானாக வந்து நிற்கிறது. எக்ஸுக்கு 60 பாகை போட்டுப் பார்த்தோம். செக்கும் டானும் கூட்டினால் 3.732. டான் 75-உம் 3.732. பொண்ட் பார்த்த பொருத்தம் கல்குலேற்றரில் எங்கள் கண்முன் வந்தது.

"அப்ப அந்தப் பெருக்குறது கடைசியா வந்தது டீச்சர்" என்றாள் அவள். "விடை தெரிஞ்ச பிறகு வந்தது." அதேதான். எனக்கு இருபது வருடம் முன்னே யாரும் இதைச் சொல்லவில்லை.

என் மாமா, அம்மாவின் தம்பி, வாழைச்சேனையிலிருந்து பலநாள் மீன்பிடிக் கலத்தில் போகிறவர். இப்போது எல்லாம் ஜீபிஎஸ்தான், ஆனாலும் பயிற்சிக் காலத்தில் வாங்கிய வங்காள விரிகுடா வரைபடம் ஒன்றை வீட்டில் சுருட்டி வைத்திருக்கிறார். கடல் வரைபடங்கள் பெரும்பாலும் இன்றைக்கும் மேர்கேற்றர் முறைதான். போன சனிக்கிழமை அவரைப் படத்தோடு வரச் சொன்னேன். மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கொப்பி வைத்தோம். முதலில் எங்கள் ஊரைப் பார்த்தார்கள். மட்டக்களப்பு 7.7 பாகை வடக்கு. செக் 7.7 என்றால் 1.009, ஒரு வீதம்கூட இழுபடவில்லை. "எங்கட ஊர் கிட்டத்தட்ட உள்ள அளவுலயே இருக்கு" என்று ஒருவன் சொன்னான். அடிமட்டத்தை எடுத்து இடது ஓரத்தை அளந்தார்கள். 5-ஆம் பாகைக்கும் 6-ஆம் பாகைக்கும் இடையில் 40 மில்லிமீற்றர். 20-க்கும் 21-க்கும் இடையில் 42 தாண்டி, 43-க்குக் கிட்ட.

மாமா எட்டிப் பார்த்தார். "தூரம் எடுக்கக்குள்ள, நாம நிக்கிற இடத்துக்கு நேரா உள்ள ஓரத்துலதான் கவராயத்த வெச்சுப் பார்க்கணும் மகள். மேல கீழ வெச்சாப் பிழைக்கும். அப்பிடித்தான் எங்களுக்குப் படிப்பிச்ச. ஏனெண்டு சொல்லல்ல."

அவள் கல்குலேற்றரை எடுத்து, செக் 20.5-ஐ செக் 5.5-ஆல் பிரித்து, வந்ததை 40-ஆல் பெருக்கினாள். 42.5. மாமாவிடம் கேட்டு, அந்த எண்ணைப் பென்சிலால் வரைபடத்தின் ஓரத்தில், 20-ஆம் பாகைக்கு நேராகச் சின்னதாக எழுதி வைத்தாள்.